எம்மேல போட்டுக்கோங்க

நான் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, புத்தகம் கொடுக்கும் மேசையில் இருந்த பார்கோடு ஸ்கேனர் கண்ணை மூடிக்கொண்டது. எதிரே மாணவர்கள் வரிசை. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நான் அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம். கட்டம் போட்ட அரைக்கைச் சட்டையும் காதோரம் நரையுமாக ஒருவர் இறங்கி வந்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. வந்ததும் வராததுமாக, “சாரி மேடம், நம்ம தப்புதான். எம்மேல போட்டுக்கோங்க” என்றார்.

எதை இவர் மேல் போடுவது? அந்த ஸ்கேனரை அன்று காலை கீழே போட்டது எங்கள் பகுதியைப் பெருக்கும் அம்மா. நானே பார்த்தேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் சட்டைப்பையிலிருந்து பென்சில் அழிக்கும் ரப்பரை எடுத்து, ஒயரின் முனையைத் தேய்த்து, மாட்டி, ஸ்கேனருக்கு உயிர் கொடுத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

நான் கடைக்காரர் வீட்டுப் பெண். பூர்வீகம் திருச்செந்தூர்ப் பக்கம். அப்பாவுக்கு ராயபுரத்தில் மொத்த மளிகை. எங்கள் வீட்டில் ஒரு மூட்டைப் பருப்பு நனைந்தால், அது யாரால் நனைந்தது என்று தெரியாமல் ஒருவரும் சாப்பிட உட்கார முடியாது. அப்பா கத்துவார், சித்தப்பா பதிலுக்குக் கத்துவார், கடைசியில் யாராவது ஒருத்தர் தலையில் விடியும். தப்பைத் தள்ளிவிடுவதில் கைதேர்ந்த குடும்பம். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவர் யாருடைய ஆள் என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. திருவொற்றியூரில் இருக்கிற எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரே கட்டடத்தில் கீழே நூலகம், மேலே கம்ப்யூட்டர் சென்டர். இரண்டும் கைகோத்து வேலை செய்யவேண்டும் என்று எங்கிருந்தோ ஓர் உத்தரவு வந்தது. கைகோப்பதற்கு இரண்டு பேருக்கும் மனசில்லை. அதனால் கோப்பதற்கென்று ஒரு ஆளை ஒப்பந்தத்தில் போட்டார்கள். அவர்தான் இவர். அவருக்கு மேசை போட எங்கள் நூலகர் இடம் தரவில்லை, மேலே இருந்த டைரக்டரும் தரவில்லை. படி திரும்புகிற இடத்தில் ஜன்னலோரம் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவர் முழங்கையை இடித்துக்கொண்டு போவார்கள். இடித்தவரிடம் இவர் சாரி சொல்வார்.

இரண்டு மாடிக்கும் நடந்த சண்டையைச் சொன்னால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். கட்டடத்திலேயே ஏசி இருந்த ஒரே உள்ளறை எங்களுடையது, ஆகவே சர்வர் அங்கே இருந்தது. சர்வர் அவர்களுடையது, குளிர் எங்களுடையது. அறைக்கதவு எங்களுடையது, பூட்டு அவர்களுடையது. ஏசி நின்றால் டைரக்டர் நூலகரைக் கேட்கமாட்டார், நூலகர் டைரக்டருக்குச் சொல்லமாட்டார். இருவரும் ஒரே படியில் ஏறி இறங்குகிறவர்கள், எதிரெதிரே வந்தால் வணக்கம் சொல்கிறவர்கள்தான். ஆனால் வேலை விஷயம் என்றால் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் கீழே இறங்கியதாக ஆகிவிடும்.

ஒரு மே மாதம் அந்த ஏசி நின்றுபோனது. கடற்காற்றில் வெளிப்பெட்டியின் செம்புக்குழாய் அரித்து ஓட்டை விழுந்திருந்தது. இவர் முதலில் நூலகரிடம் போனார். “ஐயா, டைரக்டர் சார் போன வாரமே சர்வீசுக்கு சொல்லச் சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்.” நூலகர் திட்டினார். பிறகு மேலே போனார். “சார், ஐயா போன வாரமே உங்ககிட்ட தகவல் சொல்லச் சொன்னாரு. நான்தான் சொல்லாம உட்டேன்.” டைரக்டரும் திட்டினார். இருவருமே போன வாரம் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் மனசு ஆறியது, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், சாயங்காலமே மெக்கானிக் வந்துவிட்டார்.

“எதுக்கு சார் இந்த வேலை? ரெண்டு பேர்கிட்டயும் சம்பந்தமே இல்லாம திட்டு வாங்குறீங்க” என்று நான் கேட்டேன்.

“திட்டுனா இன்னா மேடம், உடம்புலயா ஒட்டிக்கும்? ஏசி ஓடுதா பாருங்க. அத்தான வோணும்.”

எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். பிடிக்காமல் எப்படி இருக்கும்? நம் தப்பையெல்லாம் ஒருத்தர் தூக்கிக்கொண்டு போனால் நமக்கு என்ன வலிக்கிறது?

வாசலுக்கு எதிரே டீக்கடை. ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும்; லாரிக்காரர்கள் இறங்கி வந்து டீ குடித்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்தில் நிற்கிற வண்டியில் ஏறுவார்கள். ஒரு நாள் ஒரு டிரைவரின் முழங்கை பட்டு டீ கிளாஸ் ஒன்று விழுந்து உடைந்தது. இவர் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். சத்தம் கேட்டதும், “நான்தான்பா, பாக்காம கை வச்சிட்டேன்” என்றார்.

டீ மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா நைனா, நீ அங்க குந்திகினு கீற. கிளாசு இங்க வுழுந்துகீது. உன் கை இன்னா ரப்பரா?”

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்த டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. கூச்சப்பட்டு, தன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போது யோசிக்கும்போது, அந்த மனிதருக்கு ஒரு சாரி சொல்ல இருந்த வாய்ப்பையும் இவர் பிடுங்கிக்கொண்டார் என்று தோன்றுகிறது.

அவருடைய அம்மா இறந்தபோது தேரடிப் பக்கம் இருந்த அவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். குறுகின சந்து, மாடியில் ஒற்றை அறை. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“நான்தான் மேடம் ஆஸ்பத்திரிக்கு லேட்டா இட்டுனு போய்ட்டேன். கொஞ்சம் முன்னாடி போய் இருந்தா…”

அவர் மனைவி காப்பி டம்ளரை என் முன்னால் டொக்கென்று வைத்தார். “டாக்டர் தெளிவா சொன்னாரு, வயசாய்ட்ச்சு, யாராலயும் ஒண்ணியும் பண்ண முடியாதுன்னு. இது காதுல ஏறலை பாருங்க. வூட்ல பால் பொங்கினாக்கூட இவருதான் காரணம். குழாய்ல தண்ணி வர்லன்னா இவருதான் காரணம்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “இந்த ஆளோட ஒரு சண்டை போட முடியல மேடம். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள தோத்துட்றாரு. அப்புறம் நான் ஜெயிச்சு இன்னா பண்றது? என் மனசுல கீறது எனுக்குள்ளயே நின்னுபோவுது.”

இருபது முப்பது பேர் உள்ள ஓர் அலுவலகத்தில் நாங்கள் வருஷக்கணக்காகப் புரிந்துகொள்ளாததை அந்த அம்மாள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். நானோ காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அம்மாவின் காரியத்துக்காக அவர் விடுப்பில் இருந்த அதே நாட்களில்தான் எங்கள் கட்டடத்தில் பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள்.

அதற்கு முன் அந்தச் சர்வரில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். நூலகத்தின் புத்தகப் பட்டியல் இருந்தது. அதோடு, ஆராய்ச்சி மாணவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் ஆய்வேடுகள், புகைப்படங்கள், ஒலிப்பதிவுகள் எல்லாம் சேர்த்துவைக்கும் ஓர் இடம் இருந்தது. களஞ்சியம் என்று அதற்குப் பெயர். நூலகமும் கம்ப்யூட்டர் சென்டரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். திறப்பு விழாவில் நூலகரும் டைரக்டரும் ஒரே குத்துவிளக்கை ஏற்றினார்கள். போட்டோ இன்னும் சுவரில் இருக்கிறது. வீட்டில் வைத்தால் தொலையும், எங்களிடம் கொடுத்து வையுங்கள் என்று மாணவர்களிடம் நாங்கள்தான் கூவிக் கூவிச் சொன்னோம்.

சர்வர் மாற்றுகிற அன்று மேலேயிருந்து வந்த ஆள், “எல்லாம் காப்பி எடுத்தாச்சா?” என்று வாசலில் நின்றே கேட்டிருக்கிறார். நூலகர், “ஆச்சு, ஆச்சு” என்றிருக்கிறார். அவர் மனசில் இருந்தது புத்தகப் பட்டியல். அதைத்தான் அவர் தன் பொறுப்பு என்று நினைத்திருந்தார். மற்றதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் பொறுப்பு. கம்ப்யூட்டர்காரர்களோ, பெட்டிதான் எங்களுடையது, உள்ளே இருக்கிற சரக்கு நூலகத்துடையது, அவர்களே ஆச்சு என்கிறார்களே என்று பழைய சர்வரைச் சுத்தமாகத் துடைத்து மாணவர்கள் பழகுகிற லேபுக்குக் கொடுத்துவிட்டார்கள். இவர் இருந்திருந்தால் கீழே ஒரு தடவை, மேலே ஒரு தடவை என்று ஏறி இறங்கிக் கேட்டு, இரண்டு பக்கமும் சாரி சொல்லி, அதையும் காப்பி எடுத்திருப்பார். இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒருவரை ஒருவர் நேராகக் கேட்கிற பழக்கமே அந்தக் கட்டடத்தில் வளரவில்லை.

விஷயம் மழைக்காலம் வரை வெளியே வரவில்லை.

அந்த வருஷ மழையில் சடையங்குப்பம் முழுகியது. மழை விட்ட பிறகு ஒரு காலை, அந்த ஊரில் குடியிருந்த எங்கள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி நூலகத்துக்கு வந்தாள். சல்வார் முழங்கால்வரை சேறு காய்ந்து கிடந்தது. முகத்துவாரக்குப்பத்தில் கழிமுகத் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிற பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவர்களோடு தண்ணீரில் நின்று, வீட்டில் உட்கார்ந்து, பேசினதையெல்லாம் வருஷக்கணக்கில் பதிவு செய்து வைத்திருந்தாள். பேசினவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை.

“வூட்ல எல்லாம் போச்சு மேடம். லேப்டாப்பு, ஹார்ட் டிஸ்க்கு, அம்மாவோட தையல் மெஷினு, எல்லாம் தண்ணிக்குள்ள” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். “நல்லவேளை, பதிவையெல்லாம் உங்ககிட்ட குடுத்து வச்சேன்.”

நான் களஞ்சியத்தைத் திறந்தேன். காப்பி எடுத்திருந்த பட்டியலில் அவள் பெயர் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பத் திறந்தேன். அவள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, துப்பட்டாவால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே காத்திருந்தாள்.

அப்புறம் நடந்தது விசாரணை. மற்ற மாணவர்களிடம் வேறு காப்பி இருந்தது, இவளிடம்தான் இல்லை. அவளுடைய ஆராய்ச்சிக்கால அவகாசம் அந்த மாதத்தோடு முடிகிறது. பதிவுகளைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் கூடுதல் காலம் வேண்டும். அதைத் தருவதற்கு ஆராய்ச்சிக் குழு ஒரு நிபந்தனை போட்டது: பதிவுகள் அழிந்தது வளாகத்தின் தவறுதான் என்று வளாகம் ஒப்புக்கொள்ளவேண்டும், யாருடைய தவறு என்றும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் தன் பொருளைத் தானே காப்பாற்றிக்கொள்ளாதது மாணவியின் தவறு, பதிவு ரத்து. படிப்பு அத்தோடு முடிந்துவிடும்.

இரண்டு முறை கூட்டம் கூடியது. நூலகர், “சர்வர் எங்களுடையது இல்லையே” என்றார். டைரக்டர், “கேட்டதற்கு ஆச்சு என்று சொன்னது யார்?” என்றார். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. ஓய்வு பெற ஒருவருக்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது. மற்றவருக்குப் பதவி உயர்வு பக்கத்தில் இருந்தது. அந்தப் பெண் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முடிந்து யார் வெளியே வந்தாலும் எழுந்து நின்றாள்.

மூன்றாவது கூட்டம்தான் கடைசி என்றார்கள். அன்று என்னையும் இவரையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் வீட்டிலேயே பேசிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். இரண்டு மாடியும் சேர்ந்து செய்த தப்பு இது, இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளுங்கள், அந்தப் பெண்ணை விடுங்கள் என்று சொல்வதாக இருந்தேன். எங்கள் வீட்டுப் பழக்கம், சண்டை என்றால் எனக்குத் தொண்டை அடைக்காது.

நான் எழுந்திருப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

“சார், இது நம்ம தப்பு. ரெண்டு பக்கமும் பாக்கறதுக்குத்தானே என்னைய வச்சிருக்கீங்க. நான்தான் பாக்கலை. எம்மேல போட்டுக்கோங்க.”

அறையில் இருந்த அத்தனை பேர் தோளும் ஒரே சமயத்தில் இறங்கியது. நான் பார்த்தேன்.

“இவர் லீவுல இருந்தார் சார்” என்றேன். “இவங்க அம்மா செத்துப்போய்க் காரியம் பண்ணிக்கிட்டிருந்தார். ஊருக்கே தெரியும். இவர் எப்படிப் பார்ப்பார்?”

“லீவுல போவச்சொல்லோ யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போய் இருக்கணும் சார். சொல்லலை. அது என் தப்புதானே” என்றார் அவர், தலைவர் நாற்காலியில் இருந்தவரிடம்.

“சார், சும்மா இருங்க” என்று அவரை அடக்கிவிட்டுத் தலைவரிடம், “அவர் சொல்றது எதுவும்…” என்று ஆரம்பித்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். “மேடம், குந்துங்க.”

அவ்வளவுதான். அத்தனை வருஷத்தில் அவர் என்னை அதட்டிப் பேசியது அந்த ஒரு முறை. நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததற்கு என்னைக் கேட்டால், வெளியே பெஞ்சில் இருந்தவளை நினைத்துத்தான் உட்கார்ந்தேன் என்று சொல்வேன். நான் பேசிக்கொண்டே போயிருந்தால் கூட்டம் மறுபடியும் முடிவில்லாமல் கலைந்திருக்கும். அவருக்கு அது தெரிந்திருந்தது.

அந்தப் பெண்ணுக்குக் காலம் கிடைத்தது. அவருக்கு அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. படி திரும்புகிற இடத்து மேசையை ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போனபோது, ஜன்னல் திட்டில் தேய்ந்த ரப்பர் துண்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்து என் டிராயரில் போட்டேன். பிறகு எப்போதோ காணாமல் போய்விட்டது.

அவர் போன அடுத்த வாரம் ஸ்கேனர் நின்றது. பழக்கதோஷத்தில் எல்லாரும் மாடிப்படியைப் பார்த்தோம். யாரும் வரவில்லை. அன்று சாயங்காலம் வரை கையால் எழுதிப் புத்தகம் கொடுத்தோம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நூலகர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு படியேறி மேலே போனார். மேலே கத்தல் கேட்டது. நன்றாகக் கேட்டது, நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கிற அளவுக்கு. அந்தச் சத்தத்தில் எனக்கு என் அப்பாவின் கடை ஞாபகம் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்தே இறங்கி வந்தார்கள். சர்வர் யார் பொறுப்பு, பூட்டு யார் பொறுப்பு, காப்பி யார் எடுப்பது, எடுத்ததை யார் சரிபார்ப்பது, எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார்கள். அன்றைக்குப் பேசியதுதான் இன்றைக்கும் நடக்கிறது. அதற்குப் பிறகு ஒரு பதிவுகூட அழிந்ததில்லை.

எனக்கு அன்று பற்றிக்கொண்டு வந்தது. நூலகர் மேலும் இல்லை, டைரக்டர் மேலும் இல்லை. அவர் மேல். பாவி மனுஷா, இந்தச் சண்டையை முன்னாலேயே எங்களைப் போடவிட்டிருக்கலாமே. ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து நடுவில் விழுந்து விழுந்து, எங்கள் இரண்டு மாடிக்கும் பேசவே தெரியாமல் பண்ணிவிட்டாயே. அந்தப் பெண்ணின் பதிவுகள் போனதில் உனக்குப் பங்கே இல்லை என்று நான் கூட்டத்தில் கத்தினேன். பங்கு இருந்தது. ஆனால் நீ ஒப்புக்கொண்ட பங்கு அது இல்லை.

இப்படியெல்லாம் அவரிடம் சொல்ல எனக்கு ரொம்ப நாள் வாய்க்கவில்லை. வாய்த்தபோது சொல்லவும் முடியவில்லை.

மணலி புதுநகரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டுத் திரும்புகையில் ஷேர் ஆட்டோ நெரிசலில் நின்றது. பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டின் எடைமேடை. லாரியை மேலே ஏற்றி நிறுத்தினால் எடை போட்டுச் சீட்டு கொடுப்பார்கள். அந்தக் கூண்டுக்குள் கம்ப்யூட்டர் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வெளியே ஒரு லாரி டிரைவர், எடை தப்பு என்று அவரிடம் எகிறிக்கொண்டிருந்தார். இவர் சொன்னது இரைச்சலில் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. நான் ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டேன்.

என்னைப் பார்த்ததும் வெளியே வந்து, தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். “வாங்க மேடம். சாரி, இங்க ஒரே கலீஜா கீது.”

அவர் வேலை கேட்டுப் போன கல்லூரிகள் எல்லாம் எங்கள் வளாகத்துக்குப் போன் போட்டு விசாரித்திருக்கின்றன. எங்கள் வளாகமும் நடந்ததைச் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு அவரை யார் சர்வர் பக்கம் விடுவார்கள்? இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. நான் கேட்டுக் கேட்டு வாங்கியது.

“அந்தப் பொண்ணு படிப்ப முடிச்சிதா மேடம்?”

“முடிச்சாச்சு. இப்ப எங்க வளாகத்துலயே உதவிப் பேராசிரியர். நூலகக் குழுவுலயும் இருக்கா.”

அவர் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வேன். சொந்த மகள் பாஸானது போல. அதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை.

“சார், நாளைக்கே நான் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லப்போறேன். உங்களாலதான் ரெண்டு வருஷம் போச்சுன்னு இன்னமும் அவ திட்டிக்கிட்டிருக்கா. எனக்குக் காதுல கேட்க முடியல.”

“வோணாம் மேடம்.”

“ஏன்?”

“அந்தப் பொண்ணு அங்கயேதான் வேலை செய்யுது. கீய நீங்க, மேல அவங்க. தெனம் உங்க எல்லார் மூஞ்சியிலும் முழிக்கணும். இப்போ அதுக்குத் திட்டறதுக்கு ஒரு ஆளு கீறான், அவன் அந்த எடத்துல இல்ல. அதான் நல்லது. நீங்க சொல்லிட்டீங்கன்னு வச்சிக்கோங்க, அப்புறம் அது யாரோட குந்தி டீ குடிக்கும்?”

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. “சொல்லமாட்டேன்னு சொல்லுங்க மேடம்” என்றார். சொல்லமாட்டேன் என்றேன்.

“சரி, உங்களுக்கு? உங்களுக்கு வருத்தமே இல்லயா சார்?”

“கீது மேடம்” என்றார். நான் எதிர்பார்க்கவில்லை. “வூட்ல அவ சொல்றா, உன் பேரு இப்படி நிக்குதே, நம்ம புள்ளைங்க நாளைக்கு கேட்டா இன்னா சொல்லுவேன்னு. அதுக்குத்தான் எனுக்கு பதில் தெர்ல.”

ஒரு டிரைவர் கூப்பிட்டார். அவர் கூண்டுக்குள் போய்விட்டார்.

அவளிடம் சொல்லமாட்டேன் என்றுதான் நான் வாக்குக் கொடுத்தேன். எழுதமாட்டேன் என்று கொடுக்கவில்லை. கடைக்காரர் வீட்டுப் பெண்ணிடம் வாக்கு வாங்குகிறவர் எல்லாவற்றையும் யோசித்து வாங்கியிருக்க வேண்டும். அவள் படித்தால் படிக்கட்டும்.

போன வாரம் புதிய ஆராய்ச்சி மாணவர்களுக்கு அறிமுக வகுப்பு நடந்தது. நூலகமும் கம்ப்யூட்டர் சென்டரும் சேர்ந்து நடத்துவது. நூலகம் சார்பில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாடம் எடுத்தது அவள். நன்றாக எடுப்பாள். உங்கள் பதிவுகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தன் கதையைச் சொன்னாள். மழை, லேப்டாப், முகத்துவாரக்குப்பத்துப் பெண்கள், திரும்பப் போய்ப் பதிவு செய்யப் போனபோது பேச ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகள். வகுப்பு மூச்சுவிடாமல் கேட்டது.

“எல்லாத்துக்கும் காரணம், இங்க வேலை செஞ்ச ஒரே ஒரு பொறுப்பில்லாத ஆள்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “மேடம், உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, படி திரும்புற இடத்துல மேசை போட்டிருப்பாரே. அவர் பேர் என்ன?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஞாபகம் இல்லம்மா” என்றேன்.

“பாத்தீங்களா, பேர்கூட யாருக்கும் ஞாபகம் இல்ல” என்றாள் அவள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. இனிஷியலோடு ஞாபகம் இருக்கிறது.